எப்போது அகராதியைத் திறப்பது?

"சோழர் தலைநகர்" என்று ஒரு குறிப்பு. நான்கு கட்டங்கள். பலரும் முதலில் தஞ்சாவூர் என்று எண்ணி விரல்விட்டுப் பார்ப்பார்கள்; ஐந்து எழுத்து, இடம் போதாது. தஞ்சை என்றால் மூன்றுதான், ஒரு கட்டம் மிஞ்சும். கொஞ்சம் வரலாறு படித்தவருக்கு உறையூர் நினைவுக்கு வரும். சரியாக நான்கு. பேனாவை எடுத்து எழுதிவிடலாமா? பொறுக்க வேண்டும். பழையாறையும் நான்கு எழுத்துதான். அதுவும் சோழர் தலைநகராக இருந்த ஊர்தான்.

குறுக்கெழுத்துப் புதிருக்குப் புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சோர்ந்துபோகிறார்கள். தமக்கு விடை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தில் தலைகீழாக அச்சிட்டிருக்கும் விடையைத் தேடுவார்கள். உண்மையில் இந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் விடை சொல்ல முடியாது. குறுக்கே ஓடும் சொல்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இரண்டாம் கட்டத்தில் 'றை' விழுந்தால் உறையூர். நான்காம் கட்டத்தில் 'றை' விழுந்தால் பழையாறை. புதிர் தன் முதல் உதவியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தெரிந்துகொள்வதுதான் இந்தக் கலையின் அரிச்சுவடி.

இன்றைய குறுக்கெழுத்தின் மூலவடிவம் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் வந்தது. லிவர்பூலில் பிறந்து அமெரிக்கா சென்ற ஆர்தர் வின் அதை வைர வடிவக் கட்டமாக அமைத்திருந்தார். 1924இல் சைமன் அண்ட் ஷஸ்டர் பதிப்பாளர்கள் முதல் புதிர்ப் புத்தகத்தை ஒரு பென்சிலோடு சேர்த்து விற்றார்கள். பென்சிலைக் கொடுத்ததே நல்ல யோசனை. அழித்து எழுதலாம் என்ற தைரியம் அதிலிருந்து வருகிறது. அந்த மோகம் பரவிய நாட்களில் அகராதிகளையும் கலைக்களஞ்சியங்களையும் புதிர் ரசிகர்கள் மொய்த்துக்கொண்டதால் மற்ற வாசகர்களுக்கு அவை கிடைக்கவில்லை என்று நியூயார்க் பொது நூலகம் குறைபட்டுக்கொண்டது. உதவி தேடுவது என்ற பழக்கம் புதிர் பிறந்த வேகத்திலேயே பிறந்துவிட்டது. பிற்காலத்தில், கைப்பேசிச் செயலிகளுக்கு முன்பே, 'நியூயார்க் டைம்ஸ்' புதிரில் தவிப்பவர்கள் கட்டணத் தொலைபேசி எண்ணில் அழைத்து விடை கேட்கும் ஏற்பாடுகூட இருந்தது.

இந்தியாவில் குறுக்கெழுத்துக்கு இன்னொரு முகம் இருந்தது: பணப்பரிசு. பத்திரிகைகள் நுழைவுக் கட்டணம் வாங்கிப் பெருந்தொகைப் பரிசுகள் அறிவித்த காலம் அது. ஒரு கட்டத்தில் இரண்டு எழுத்தில் எதை இட்டாலும் பொருள் வரும்படி குறிப்புகள் அமைந்தால், அங்கே யாருடைய உதவியும் பயன்படாது, அது ஊகம்தான். 1955இல் மத்திய அரசு பரிசுப்போட்டிச் சட்டம் கொண்டுவந்து, மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு தரும் போட்டிகளைத் தடை செய்தது. அதை எதிர்த்து ஆர்.எம்.டி. சாமர்பாக்வாலா தொடுத்த வழக்கில் 1957இல் உச்ச நீதிமன்றம், பெருமளவு திறமையால் வெல்லும் போட்டிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று வரையறுத்தது. திறமையா அதிர்ஷ்டமா என்ற அந்தக் கேள்வி நல்ல புதிருக்கும் மோசமான புதிருக்கும் இன்றும் உரைகல். நியாயமான புதிரில், விடையைக் கண்டபின் "இதைத் தவிர வேறு எதுவும் பொருந்தாது" என்று சொல்ல முடிய வேண்டும்.

தமிழில் கட்டம் போடுவதே தனிச் சவால். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள்; தமிழில் 247. 'கொ' வேறு, 'கோ' வேறு, புள்ளி வைத்த 'க்' வேறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். இரண்டு சொற்கள் ஒரே உயிர்மெய்யில் சந்திப்பது அரிது என்பதால்தான் நம் வார இதழ்களில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பவற்றோடு வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் குறிப்புகள் வருகின்றன. 'திரும்பியுள்ளது', 'கலைந்துள்ளது' என்ற சேதிகள் குறிப்பின் ஓரத்தில் இருப்பதும் இதனால்தான். அமைப்பவருக்கு இது தொல்லை. விடுவிப்பவருக்கோ கொடை! ஆங்கிலப் புதிரில் ஓர் எழுத்து விழுந்தால் மற்ற 25 வாய்ப்புகள் விலகும். தமிழில் ஓர் எழுத்து விழுந்தால் 246 விலகும். ஆகவே தமிழ்ப் புதிரில் தெரிந்த ஒரு சொல்லை முதலில் எழுதி, அதைத் தொட்டு நிற்கும் சொல்லுக்கு நகர்வது மற்ற எந்த உத்தியைக் காட்டிலும் வேகமாகப் பலன் தரும். ஒன்றாம் எண்ணில் தொடங்கி வரிசையாகப் போக வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை.

எல்லாம் செய்தும் நிற்கிறதென்றால், ஏன் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

குறிப்பு ஓர் ஆற்றின் பெயரையோ அமைச்சரின் பெயரையோ கேட்கிறது, அதைக் கேள்விப்பட்டதே இல்லை என்றால் யோசித்துப் பயன் இல்லை. இல்லாத நீரை எத்தனை வாளி விட்டு இறைத்தாலும் வராது. ஓர் ஊகத்தை மட்டும் சொல்லிப் பார்த்துவிட்டு உடனே புத்தகத்தைத் திறக்கலாம். அந்த ஊகம் தவறாக இருந்தாலும் வீணில்லை. 2009இல் நேட் கோர்னெல், மேத்யூ ஹேஸ், ராபர்ட் பியார்க் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், விடை தெரியாத கேள்விக்கு முயன்று தோற்று, பிறகு விடையைப் பார்த்தவர்கள், முயலாமல் நேரே படித்தவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள்.

நாக்கு நுனியில் நிற்கும் சொல்லின் கதை வேறு. தெரியும், வரவில்லை. பிடிவாதமாக உட்கார்ந்து பிசைந்தால் வந்துவிடும் என்றுதான் தோன்றும். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஏமி பெத் வாரினரும் கேரின் ஹம்ஃப்ரீஸும் 2008இல் இதைச் சோதித்தார்கள். சொல் நுனியில் நிற்கிறது என்றவர்களைச் சிலவேளை 10 விநாடியும் சிலவேளை 30 விநாடியும் தவிக்கவிட்டு விடையைக் காட்டினார்கள். இரண்டு நாள் கழித்து அதே சொற்களைக் கேட்டபோது, அதிக நேரம் தவித்த சொற்களில்தான் மறுபடியும் அதிகம் மாட்டிக்கொண்டார்கள். தவறாகத் தேடும் பாதையும் மனதில் பதிந்துவிடுகிறது. எனவே இந்த வகைச் சொல்லுக்கு நீண்ட நேரம் போராட வேண்டாம். குறுக்குச் சொல் ஒன்றைப் பிடித்து எழுத்தைப் பெறலாம், முடியாவிட்டால் பார்த்துவிடலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பொறுமை தேவைப்படும் இடம் சிலேடைக் குறிப்பு. அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

லண்டன் நாளிதழ்களில் வேரூன்றி, சென்னையின் 'தி ஹிந்து' வழியாக நம் ஊர் ஆங்கில வாசகர்களுக்குப் பல பத்தாண்டுகளாகப் பழக்கமான வகை இது. தமிழிலும் உண்டு, அமெரிக்காவில் வெளிவரும் 'தென்றல்' இதழில் வாஞ்சிநாதன் இத்தகைய புதிர்களை அமைத்திருக்கிறார். சிலேடையில் ஊறிய மொழிக்கு இது அந்நியமே இல்லை. அதன் சட்டம் எளிது: குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ விடையின் நேர்ப்பொருள் இருக்கும், மீதிச் சொற்கள் விடையை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழியைச் சொல்லும். ஒரே விடைக்கு இரண்டு பாதைகள்.

இந்தக் கட்டுரைக்காக அமைத்த குறிப்பு ஒன்று: "சமுத்திரத்தோடு ஐந்தின் முதலைச் சேர்த்தால் கொறிக்கலாம்" (3). படித்தவுடன் கடலில் நீந்தும் முதலை கண்முன் வருகிறது. அமைப்பவர் விரும்புவது அதுதான். முதலையை மறந்துவிட்டு, 'முதல்' என்ற சொல்லோடு 'ஐ' உருபு சேர்ந்திருக்கிறது என்று பிரித்தால் பூட்டு திறக்கும். ஐந்தின் முதல் எழுத்து 'ஐ'. சமுத்திரம் என்றால் கடல். கடலோடு ஐ சேர்ந்தால் கடலை. கொறிக்கலாம்.

இன்னொன்று: "உடைந்த கதவில் தெரியும் பண்பு" (3). 'உடைந்த' என்பது எழுத்துகளைக் கலைக்கச் சொல்லும் சைகை. க, த, வு ஆகிய மூன்றையும் ஆறு வகையில் அடுக்கலாம். இங்கே இலக்கணம் கைகொடுக்கிறது. தமிழ்ச் சொல் 'வு'வில் தொடங்காது. ஆகவே இரண்டு அடுக்குகள் கழிந்தன. கதவு என்பது குறிப்பிலேயே இருக்கிறது. மிஞ்சுவன கவுத, தவுக, தகவு. பள்ளியில் மனப்பாடம் செய்த மொழிமுதல், மொழியிறுதி விதிகள் புதிர்க் கட்டத்தில் இப்படி உயிர்பெறும்போது அவற்றின் மதிப்பு புரிகிறது. சொல்லின் முதல் கட்டத்தில் 'ழ' வராது, கடைசிக் கட்டத்தில் 'க்' நிற்காது என்பதெல்லாம் இலவசமாகக் கிடைத்த துப்புகள்.

தகவு என்ற சொல்லை இதுவரை அறியாதவர்கூட அதை வந்தடைந்துவிட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். இப்போது அகராதியைத் திறக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் இணையத்தில் தேடக் கிடைக்கிறது. இன்றைய வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. தானே கட்டிய சொல்லைச் சரிபார்க்க அகராதியிடம் போவதற்கும், வெறுங்கையோடு போவதற்கும் நிறைய வேறுபாடு. முதலாமவர் திரும்பும்போது ஒரு புதுச் சொல்லும் தன்மேல் நம்பிக்கையும் வந்திருக்கும்.

சிலேடைக் குறிப்பு பிடிகொடுக்காதபோது செய்ய வேண்டியது தாளை மடித்து வைப்பதுதான். சியோ, ஆர்மரோட் என்ற இரு ஆய்வாளர்கள் 2009இல் 117 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசி, சிக்கலை விட்டு விலகியிருந்து திரும்புவது தீர்வுக்கு உதவுகிறது என்று கண்டார்கள். இரண்டு நிபந்தனைகள் உண்டு: விலகுமுன் நன்றாக முயன்றிருக்க வேண்டும், இடைவேளையில் மூளையைக் கசக்கும் வேலையில் மூழ்கக் கூடாது. பாத்திரம் கழுவுவதும் கடைக்கு நடந்து போவதும் தோதான வேலைகள். முதலையைப் பிடித்துக்கொண்டிருந்த மனம் அதை மெல்ல விட்டுவிடுகிறது, வேறு பொருள் நுழைய இடம் கிடைக்கிறது.

புதியவர் எந்தப் புதிரைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதும் உதவியில் சேர்த்திதான். 'நியூயார்க் டைம்ஸ்' புதிர் திங்கட்கிழமை எளிதாகத் தொடங்கிச் சனிக்கிழமை கடினமாகிறது. லண்டன் 'டைம்ஸ்' 2014 முதல் தொடக்கநிலையினருக்குச் சிறிய சிலேடைப் புதிரைத் தனியாகத் தருகிறது. கடினமான புதிரோடு வாரக்கணக்கில் மல்லுக்கு நின்று வெறுத்துப்போவதைவிட, எளிதானதை முழுவதும் முடித்துப் பழகுவது நல்லது. தமிழில் வேறொரு பழைய துணையும் இருக்கிறது: நிகண்டு. ஒரு பொருளுக்குரிய பல சொற்களை இனம்பிரித்துத் தருவதும், ஒரே சொல்லுக்குரிய பல பொருள்களை அடுக்குவதும் நிகண்டின் வேலை. புதிர் விடுவிப்பவருக்கு வேண்டியவையும் இவ்விரண்டுதான். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி முழுவதும் ஒருசொற் பல்பொருள். அதைத் திண்ணைப் பள்ளிகளில் ஒப்பித்த தலைமுறை அறியாமலே இந்த விளையாட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது.

புதிரை அமைப்பவர்களே உதவி வாங்கியதுண்டு. 1944 மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும் லண்டன் 'டெய்லி டெலிகிராப்' புதிர்களில் யூட்டா, ஒமாஹா, ஓவர்லார்ட், மல்பெரி, நெப்டியூன் என்று நார்மண்டிப் படையெடுப்பின் ரகசியச் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வர, புதிரை அமைத்த பள்ளித் தலைமையாசிரியர் லெனர்ட் டாவைப் புலனாய்வுத் துறையினர் விசாரித்தார்கள். ஒற்று வேலை எதுவும் அகப்படவில்லை. காலிக் கட்டங்களைக் கொடுத்துச் சொற்களால் நிரப்பச் சொல்வது ஆசிரியரின் வழக்கம் என்றும், அருகே முகாமிட்டிருந்த படைவீரர்களிடம் கேட்ட சொற்களைத் தாம் எழுதிக் கொடுத்ததாகவும் பழைய மாணவர் ஒருவர் 1984இல் கூறினார்.

மனிதரிடம் கேட்கும் உதவிக்கு ஒரு மேன்மை உண்டு: அதை அளந்து வாங்கலாம். அச்சிட்ட விடை முழுதாகத்தான் கிடைக்கும். அக்காவோ நண்பரோ துளித்துளியாகத் தர முடியும். "தேவதையல்ல, உள்ளே இருப்பவள் பெண்தான்" (3) என்ற குறிப்பில் தங்கை நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அக்கா முதலில், "நேர்ப்பொருள் கடைசியில் இருக்கும்மா" என்று மட்டும் சொல்லலாம். பெண்ணைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொற்களைத் தங்கை தேடத் தொடங்குவாள்: மடந்தை வராது, அது நான்கு, மாது இரண்டு. பிறகும் பிடிபடாவிட்டால், "'உள்ளே' என்ற சொல் சும்மா வரவில்லை" என்று இன்னொரு துளி. எதற்குள்ளே என்று தங்கை திரும்பக் கேட்டால் அக்கா பதில் சொல்ல வேண்டியதில்லை. குறிப்பின் முதல் சொல்லில் விரலை வைத்தால் போதும். அதன் நடு எழுத்துகளைத் தங்கையே வாய்விட்டுப் படிப்பாள்: தை, ய, ல்.