மைசூரு ஆய்வகத்தில் மாகாளிக்கிழங்கு

மாகாளிக்கிழங்கு என்றதும் மோரில் ஊறும் ஊறுகாய்தான் நினைவுக்கு வரும். மைசூருவில் அந்தக் கிழங்கு ஆய்வகத்துக்கும் போனது. 1950 முதல் செலுவாம்பா மாளிகையில் இயங்கிவரும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில், ஷைலஜா தர்மேஷ் குழுவினர் மாகாளி, இஞ்சி முதலியவற்றின் சத்துகள் வயிற்றுப்புண்ணைத் தடுக்குமா என்று ஆராய்ந்து 2007-ல் கட்டுரைகள் வெளியிட்டனர்.

அவர்கள் குறிவைத்தவை இரண்டு. ஒன்று, நம் இரைப்பையில் அமிலம் சுரக்க உதவும் நொதி. ஒமெப்ரசோல் மாத்திரை முடக்குவதும் அதைத்தான். மற்றொன்று, வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி.

இரைப்பையின் அவ்வளவு அமிலத்தில் இக்கிருமி பிழைத்திருப்பது யூரியேஸ் என்ற தன் நொதியால். அது இரைப்பையில் உள்ள யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கிறது. அம்மோனியா சுற்றிலும் உள்ள அமிலத்தை முறித்துவிட, கிருமி சளிப்படலத்துக்குள் நுழைந்து பல்லாண்டு தங்கிவிடுகிறது. இதன் சில வகைகள் காக்-ஏ என்ற புரதத்தை இரைப்பைச் செல்லுக்குள் செலுத்தி அதன் ஒழுங்கையே குலைக்கின்றன. தீராத அழற்சி, சுரப்பிகளின் தேய்வு, செல்களின் உருமாற்றம் என்று மெல்ல முற்றி, பல பத்தாண்டுகள் கழித்துச் சிலருக்குப் புற்றுநோயில் முடிகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே இக்கிருமியை உறுதியான புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது.

சிலருக்குத்தான். இந்தியாவில் கோடிக்கணக்கானோர் வயிற்றில் இக்கிருமி இருக்கிறது; பெரும்பாலோருக்குப் புற்று வருவதில்லை. மிசோரத்தில் இரைப்பைப் புற்று மிக அதிகம். சென்னை ஆண்களிடமும் அது சாதாரணமாகக் காணப்படுவது. கிருமியின் வகை, புகையிலை, மரபு, உப்பு எல்லாம் சேர்ந்தே யாருக்குப் புற்று வரும் என்பதை முடிவு செய்கின்றன.

உப்பைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மைசூரு ஆய்வில் பலன் தந்தது கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த பொருள். அதுவும் சோதனைக் குழாயிலும் எலிகளிடத்திலும். ஊறுகாயில் கிழங்கோடு உப்பும் அல்லவா சேர்கிறது! உப்பிலிட்ட உணவை மிகுதியாகத் தின்பது இரைப்பைப் புற்றின் அபாயத்தைக் கூட்டும். கிழங்கைப் பற்றிய நல்ல செய்தியை நம்பி யாரும் சிகிச்சையைத் தள்ளிப்போடக்கூடாது என்பதே என் கவலை.

கிருமியைக் காட்டிக்கொடுப்பதும் அதே யூரியேஸ்தான். அடையாளமிட்ட யூரியாவைக் குடித்துவிட்டு ஊதினால், மூச்சில் அந்த அடையாளத்தோடு வரும் கரியமில வாயு கிருமி இருப்பதைச் சொல்லிவிடும். எண்டோஸ்கோபியில் எடுத்த திசுத் துணுக்கிலும் யூரியேஸைப் பார்க்கலாம். கிருமி இருந்தால் அமிலம் குறைக்கும் மருந்தோடு ஆன்டிபயாடிக்குகளை வழக்கமாகப் பதினான்கு நாள் தருகிறார்கள். இந்தியாவில் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்குக்குப் பல கிருமிகள் மசிவதில்லை. ஆகவே மாத்திரையைப் பாதியில் நிறுத்தக்கூடாது. முடித்து நான்கு வாரமாவது கழித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடி ஊதிப் பார்க்கும் சோதனையை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.