சரக்கோடு வந்த நோயும் சங்கம் செய்ய வேண்டியதும்

கொள்ளை நோய் என்றால் அது டாக்டர்கள் பாடு, சர்க்கார் பாடு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சரித்திரத்தைப் புரட்டினால் வேறு கதை தெரிகிறது. நோய் பல சமயம் வியாபாரப் பாதையிலேயே ஊர்விட்டு ஊர் போயிருக்கிறது. அதைத் தடுக்கும் வழியைச் சட்டமாக்கியதில் முன்னோடியாக நின்றதும் ஒரு வியாபார நகரம்தான்.

அந்த நகரம் ரகூசா. இன்று குரோஷியா நாட்டில் துப்ரோவ்னிக் என்று பெயர். கடல் வாணிபத்தையே நம்பிப் பிழைத்த ஊர். பிளேக் நோய்க்குப் பயந்து துறைமுகத்தை மூடினால் பட்டினி. திறந்து வைத்தால் சாவு. 1377-ல் அவ்வூர்ப் பேரவை ஒரு நடுவழி கண்டது. நோய் கண்ட இடங்களிலிருந்து வருவோர் ஊருக்கு வெளியே 30 நாட்கள் தங்கிவிட்டுத்தான் உள்ளே வரலாம் என்றது. பிற்காலத்தில் அது 40 நாட்களாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்தே ‘குவாரன்டைன்’ என்ற பெயர் வந்தது. வெனிஸ் நகரமோ 1423-ல் தனித் தீவில் நோயாளிகளுக்கு மருத்துவமனையே கட்டிவிட்டது.

இதற்கு நேர்மாறான கதை பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் நடந்தது. 1720 மே மாதம் கிழக்கிலிருந்து பட்டும் பஞ்சும் ஏற்றிய கப்பல் ஒன்று வந்தது. வழியிலேயே பலர் இறந்திருந்தார்கள். வழக்கப்படி சரக்கைத் தனித் தீவில் வைத்திருக்க வேண்டும். ஆனால் ஜூலையில் பெரிய சந்தை. சரக்கில் நகரத் தலைவர் ஒருவருக்கே பங்கு இருந்தது. விதி தளர்ந்தது. பொதிகளைக் கையாண்ட சுமைக் கூலிகள் முதலில் விழுந்தவர்களில் சேர்ந்தார்கள். பிறகு நகரில் மட்டும் 40,000 பேர் போல மாண்டார்கள். ஒரு சந்தையின் லாபத்துக்குக் கொடுத்த விலை அது!

இங்கிலாந்தில் ஈயம் என்று ஒரு சிற்றூர். 1665-ல் லண்டனிலிருந்து தையற்காரருக்கு வந்த துணிக்கட்டோடு பிளேக் வந்ததாகச் சொல்வார்கள். மறு ஆண்டு ஊர் மக்கள் பாதிரியார் பேச்சைக் கேட்டுத் தாங்களே எல்லையை அடைத்துக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லைக் கல்லில் உணவுப் பொருளை வைத்துப் போவார்கள். இவர்கள் வினிகரில் போட்ட காசை அங்கே வைப்பார்கள். அப்பகுதிப் பிரபுவும் உணவு அனுப்பினார். ஊரில் 260 பேர் போல இறந்தார்கள். ஆனால் சுற்று வட்டாரம் தப்பியது.

நமக்கும் அனுபவம் உண்டு. 2020-ல் கொரோனா கோயம்பேடு சந்தையில் பரவி, அங்கிருந்து ஊர் திரும்பியவர்கள் மூலம் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று மாவட்டங்களுக்குப் போனது. மே மாதம் சந்தையை மூடினார்கள். காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போனது. செப்டம்பரில்தான் படிப்படியாகத் திறந்தது.

அந்த நாட்களில் என் கிட்டங்கியில் நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூட்டை தூக்கும் தம்பி ஒருவர் மூன்று நாள் காய்ச்சலோடு வேலைக்கு வந்தார். “ஏனப்பா சொல்லவில்லை?” என்று கேட்டேன். “சொன்னா கூலி போயிடும் முதலாளி” என்றார். அதற்குள் இரண்டு பேருக்குத் தொற்றிவிட்டது. மூவரும் பிழைத்தார்கள், கடவுள் புண்ணியம். தவறு அவருடையது அல்ல; காய்ச்சலுக்குக் கூலி தராத என்னுடையது. அன்றிலிருந்து காய்ச்சல் என்று சொன்னவருக்கு அரைக்கூலி கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்கிறேன். இதுவரை யாரும் அதை ஏமாற்றப் பயன்படுத்தவில்லை.

இந்தக் கதைகள் எல்லாம் ஒன்றையே சொல்கின்றன. அடைத்து வைத்தால் மட்டும் நோய் நிற்காது. அடைபட்டவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். இல்லாவிட்டால் நோயை மறைப்பான். கடைக்காரரும் அப்படித்தான். கடை மூடினால் தவணை தவறும் என்ற பயத்திலேயே காய்ச்சலோடு கல்லாவில் உட்காருகிறார்.

ஆகவே சங்கத்துக்கு என் யோசனை இரண்டு. நல்ல காலத்திலேயே மாதம் ஒரு சிறு தொகை சேர்த்துச் சுமைத் தொழிலாளருக்கும் கடைப் பையன்களுக்கும் நோய்க்கால நிதி வைப்போம். நோயால் ஒரு கடை எத்தனை நாள் மூடியிருக்கிறதோ, அத்தனை நாள் பாக்கித் தவணையை மொத்த வியாபாரிகள் நீட்டிக் கொடுப்போம். என் கணக்கில் உள்ள கடைகளுக்கு இதை இன்றே ஒப்புக்கொள்கிறேன். மற்ற மண்டிக்காரர்களும் முன்வர வேண்டுகிறேன்.

வெள்ளம் வருமுன் அணை போடுவோம்!