லித்தியம் பேட்டரியும் படகின் ஜி.பி.எஸ்.ஸும்

நம்ம இரும்பைக்குக் கிழக்கே கடலுக்குப் போகிற படகுகள் பலவற்றில் ஜி.பி.எஸ்., வயர்லெஸ் எல்லாம் இருக்கிறது. கரை தெரியாத தூரத்தில் அவை அணைந்துபோனால்?

எடை குறைவு என்பதால் படகுக்கு லித்தியம் பேட்டரி வருகிறது. கேரளத்தில் வைக்கம்–தவணக்கடவு இடையே 2017-இல் ஓடத் தொடங்கிய சூரியப் படகு ‘ஆதித்யா’, 75 பேரை ஏற்றுவது, லித்தியம் பேட்டரிப் படகுதான்.

இந்த பேட்டரிக்குள் பி.எம்.எஸ். என்று ஒரு காவல்காரன் உண்டு. 4 செல் கொண்ட 12.8 வோல்ட் பேட்டரியில், ஒரு செல் சுமார் 3.65 வோல்ட்டைத் தாண்டினாலே ‘டக்’கென்று இணைப்பைத் துண்டித்துவிடும். பேட்டரி பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஓடுகிற இன்ஜினின் ஆல்டர்னேட்டருக்கு உடனே நிறுத்தத் தெரியாதே! மின்னழுத்தம் ஒரு நொடிக்குள் பல மடங்கு ஏறி, வயரில் மிச்சமிருக்கிற கருவிகள் மேல் பாயும். ஃபியூஸ் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். அது உருகுவதற்குள்ளே சிப் கருகிவிடும்.

எனக்குப் பிடித்த வழி இது: ஆல்டர்னேட்டரைச் சின்ன ஈய-அமில பேட்டரியில் சேர்க்கணும். கருவிகளும் அதிலேயே. அங்கிருந்து டி.சி.-டி.சி. சார்ஜர் வழியாகத்தான் லித்தியத்துக்கு. லித்தியம் கதவைச் சாத்தினாலும் மின்சாரத்துக்குப் போக்கிடம் இருக்கும். சில பி.எம்.எஸ்.ஸில் எச்சரிக்கை வயரும் உண்டு. அது முதலில் ஆல்டர்னேட்டரை நிறுத்தும், பிறகுதான் பேட்டரி துண்டிக்கும். வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்கணும்.