எண்ணெயின் ஓசையைக் கேளுங்கள்!
உருளைக்கிழங்கு இல்லாமல் வீட்டிலேயே வறுவல்

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையில் இருக்கிறது துடியலூர். நீலகிரி உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டியில் இறங்கி, மூட்டை மூட்டையாக லாரி ஏறி இந்த வழியாகக் கோவைக்கு வருகிறது. ஆனால் இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் விளைவதோ நேந்திரன் வாழை! தொண்டாமுத்தூர், சிறுமுகைப் பக்கத்து நேந்திரன், ஓணத்துக்குக் கேரளம் வரை போகிறது. காய் இங்கே இருக்க, குழந்தைகளுக்குக் கடைப் பொட்டலம் வாங்குவானேன்?

பழுத்தால் கருகும்

வறுவலுக்கு முற்றிய பச்சைக் காய்தான் வேண்டும். பழுக்கத் தொடங்கினால் காயில் உள்ள மாவு சர்க்கரையாக மாறிவிடும். சர்க்கரை எண்ணெயில் கருகும். வறுவல் கறுத்துக் கசக்கும்.

தோலை உரித்து, மஞ்சள் கலந்த தண்ணீரில் கால் மணி நேரம் போடுங்கள். கறை போகும். ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றிவிட்டு, ஒரே கனமாகச் சீவுங்கள். கனம் மாறினால் ஒன்று கருகும், இன்னொன்று வதங்கிக் கிடக்கும்.

வடைச்சட்டியில் எண்ணெய் காய்ந்ததா? ஒரு சீவலைப் போட்டுப் பாருங்கள். உடனே நுரைத்து மேலே வர வேண்டும்.

அந்த நுரை என்ன? காயில் உள்ள தண்ணீர்தான்! ஆவியாகி வெளியேறுகிறது. தண்ணீர் இருக்கும்வரை சலசலவென்று ஓசை கேட்கும். ஓசை அடங்கியதா? உடனே அரித்து எடுத்துவிடுங்கள். இந்த வேலையில் கண்ணைவிடக் காது கெட்டிக்காரத்தனமானது!

பொன்னிறம் தாண்டிச் சிவக்க விடக் கூடாது. மாவுப் பண்டங்களை அதிகச் சூட்டில் வறுக்கும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது என்று 2002-ல் சுவீடன் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். சிவக்கச் சிவக்க அது கூடும்.

கடைகளில் உப்புத் தண்ணீரைக் கொதிக்கும் எண்ணெயிலேயே தெளிப்பார்கள். அது கைதேர்ந்தவர்கள் வேலை. வீட்டில் வேண்டாம். சூட்டோடு பொடி உப்பைத் தூவிக் குலுக்கினால் போதும்.

குச்சிக்கிழங்கு: உஷார்!

மரவள்ளியைக் கொங்கு நாட்டில் குச்சிக்கிழங்கு என்பார்கள். உருளையைப் போலவே இதுவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி. 1880-களில் திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் இதைப் பயிரிடச் சொல்லி ஊக்கம் கொடுத்தார். அரிசி கிடைக்காத காலங்களில் ஏழைகளின் வயிற்றை நிரப்பிய கிழங்கு இது.

ஆனால் இதில் நஞ்சும் உண்டு. பச்சைக் கிழங்கை நறுக்கும்போது சயனைடு வெளிப்படுகிறது. தோலில்தான் அதிகம். "எண்ணெயில் வறுத்தால் போய்விடும்" என்று நினைப்பது தவறு. மெல்லிய சீவல் சட்டென்று காய்ந்துவிடுவதால், நஞ்சு உள்ளேயே தங்கிவிடலாம்.

ஆகையால், கசப்பில்லாத சமையல் ரகத்தையே வாங்குங்கள். மேல் தோலையும் அதற்கு அடியில் உள்ள தடித்த தோலையும் சேர்த்து உரியுங்கள். சீவியதை நிறையத் தண்ணீரில் ஊற வையுங்கள். பிறகு கொதிநீரில் சற்று வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். நன்றாக உலர்த்திய பிறகே எண்ணெயில் போட வேண்டும். கசக்கும் கிழங்கு விலை கொடுத்து வாங்கியதானாலும் குப்பைக்குத்தான். உரித்த தோலை ஆடு மாடுகளுக்கும் போடாதீர்கள்.

பாகற்காய்க்கு இவ்வளவு பாடு இல்லை. வட்டமாக நறுக்கி, உப்புப் பிசறி, பிழிந்து, கொஞ்சம் அரிசி மாவும் மிளகாய்த் தூளும் புரட்டி வறுத்தால் முடிந்தது.

எல்லாவற்றையும் நன்றாக ஆறவிட்டே டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால், எண்ணெய் விரட்டிய தண்ணீர் ஆவியாகத் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் வறுவல் மொறுமொறுக்காது!