ஹிமாலயன் 450-ஆ, கேடிஎம் 390 அட்வென்ச்சரா? லாங் ரைடுக்கு எது ஏத்தது?

‘லாங் ரைடு போக நல்ல பைக் வாங்கணும்’ என்று இறங்குபவர்களில் பலர், கடைசியில் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450, கேடிஎம் 390 அட்வென்ச்சர் என்ற இரண்டு பெயர்களுக்கு நடுவில்தான் வந்து நிற்கிறார்கள். 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம். எடுத்துவிட்டு ‘இது நமக்கு செட் ஆகலையே’ என்று யோசித்தால் இழப்பு பெரிது.

பழைய ஹிமாலயன் 411-ஐ பல வருடங்களாக ஓட்டுகிறேன். கூடவே 390 ஓட்டும் நண்பர்களோடு மலையும் ஹைவேயும் சுற்றியிருக்கிறேன். அந்த அனுபவத்தில், எதை எதைப் பார்க்கணும்னு சொல்கிறேன்.

பேப்பரில் என்ன இருக்கு?

ஹிமாலயன் 450: 452 சிசி, 40 பிஎஸ் பவர், 40 என்எம் டார்க், 17 லிட்டர் டேங்க், எடை 196 கிலோ, சீட் உயரம் 825 மி.மீ.

390 அட்வென்ச்சர் (2025 மாடல்): 399 சிசி, 46 பிஎஸ் பவர், 39 என்எம் டார்க், 14.5 லிட்டர் டேங்க், எடை சுமார் 183 கிலோ, சீட் உயரம் 830 மி.மீ.

பவரும் குறைந்த எடையும் கேடிஎம் பக்கம். டேங்க் ஹிமாலயன் பக்கம். டார்க் கிட்டத்தட்ட சமம். அப்போ வித்தியாசம் எங்கே?

இன்ஜின் எப்போது உழைக்கிறது?

ஹிமாலயனின் 40 என்எம் டார்க் 5,500 ஆர்பிஎம்மில் முழுசாகக் கிடைக்கிறது. கேடிஎம்முக்கு அது 6,500 ஆர்பிஎம். எண்ணாகப் பார்த்தால் சின்ன வித்தியாசம்தான். ஆனால், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளை, பின்னால் ஒருவர், இரண்டு பக்கமும் பை என்று ஏறும்போது இது தெரியும். இன்ஜினை அலற விடாமல் நிதானமாக ஏற நினைப்பவருக்கு ஹிமாலயன் வசதி. கியரை மாற்றி மாற்றி, இன்ஜினை மேல் வேகத்திலேயே வைத்து ஓட்டுவதில் சந்தோஷம் காண்பவருக்கு கேடிஎம்.

நான்குவழிச் சாலையில் கதை மாறும். சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை சுமார் 700 கி.மீ. ஒரே வேகத்தில் போக, 390 அட்வென்ச்சரில் உள்ள க்ரூஸ் கன்ட்ரோல் வலது மணிக்கட்டுக்குப் பெரிய ஓய்வு. லாரியை ஓவர்டேக் செய்ய கூடுதல் பவரும் கைகொடுக்கும்.

டேங்க் கணக்கு

இரண்டுமே லிட்டருக்கு 28 கி.மீ. தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹிமாலயன் ஒரு ஃபுல் டேங்குக்கு 476 கி.மீ., கேடிஎம் 406 கி.மீ. தமிழ்நாட்டில் இந்த 70 கி.மீ. பெரிய விஷயமே இல்லை; வழியெல்லாம் பங்க் இருக்கு. ஆனால் மணாலி - லே பாதையில், ‘அடுத்த பங்க் 365 கி.மீ.’ என்ற போர்டுக்காகவே தாண்டி என்ற ஊர் பல வருடங்களாகப் பிரபலம். மேட்டில் ஏறும்போது மைலேஜும் குறையும். அங்கே போவதாக இருந்தால், ஒவ்வொரு லிட்டரும் நிம்மதிதான்.

சீட் உயரத்தை சாதாரணமா நினைக்காதீங்க

சரளைக் கல்லிலோ, சரிவிலோ வண்டியை நிறுத்தும்போது கால் எட்டவில்லை என்றால், 190 கிலோ சாய்ந்துவிடும். உயரம் குறைவானவர்கள், ஷோரூம் தரையில் மட்டும் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரோட்டோரச் சரிவில் நிறுத்தி, காலால் பின்னால் தள்ளிப் பாருங்கள். 13 கிலோ குறைவு என்பது என்னவென்று அங்கேதான் புரியும்.

பஞ்சர் ஆனால் என்ன செய்வீங்க?

பலரும் கேட்க மறக்கும் கேள்வி இது. டியூப்லெஸ் டயர் என்றால், ஒரு பிளக் கிட், கையடக்க ஏர் பம்ப் போதும்; 15 நிமிடத்தில் கிளம்பலாம். டியூப் டயர் என்றால் சக்கரத்தைக் கழற்றணும். ராத்திரி காட்டுப் பாதையில், தனியாக இருக்கும்போது இது பாதுகாப்பு விஷயமும்கூட. ஹிமாலயன் 450 முதலில் டியூப் டயரோடு வந்தது. பிறகு டியூப்லெஸ் ஸ்போக் வீல் ஆப்ஷன் வந்தது. கேடிஎம்மில் 390 அட்வென்ச்சர் எக்ஸ், அலாய் வீலும் டியூப்லெஸ் டயரும் கொண்டது. எதை புக் செய்தாலும், அந்த வேரியன்ட்டில் என்ன டயர் என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய 411 வைத்திருப்பவர்கள் மாற்றணுமா?

2016-ல் வந்த 411-ல் பவர் சுமார் 24 பிஎஸ்தான், 5 கியர்தான். மணிக்கு 80 - 90 கி.மீ. வேகத்தில் போய், வருடத்துக்கு இரண்டு பெரிய டிரிப் அடிப்பவருக்கு அது இன்றும் போதும். நல்ல டயர், புது செயின் செட், முழு சர்வீஸ் செய்து ஓட்டுங்கள். மிச்சப் பணத்தில் நல்ல ஹெல்மெட்டும் ரைடிங் ஜாக்கெட்டும் வாங்கலாம். ‘ஹைவேயில் வேகம் பத்தவில்லை’ என்ற குறை ஒவ்வொரு ரைடிலும் வந்தால் மட்டும் மாற்றுங்கள்.

முடிவு என்ன?

மலை, மண் பாதை, லக்கேஜோடு நிதானமான நீண்ட பயணம் என்றால் ஹிமாலயன் 450. வாரநாளில் ஆபீஸ், வார இறுதியில் ஹைவேயும் வளைவுகளும் என்றால் 390 அட்வென்ச்சர்.

புக் செய்யும் முன் மூன்று விஷயம் செய்யுங்கள்:

• வழக்கமாகப் பின்னால் உட்காருபவரையும் டெஸ்ட் ரைடுக்கு அழைத்துப் போங்கள். அவருக்கு முதுகு வலித்தால் உங்கள் டிரிப் பாதியில் நின்றுவிடும்.

• அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். டிராஃபிக்கில் காலில் சூடு படுகிறதா என்று பாருங்கள்.

• வீட்டுக்குப் பக்கத்தில் எந்த சர்வீஸ் சென்டர் இருக்கிறது, ஸ்பேர் பார்ட்ஸ் எத்தனை நாளில் வரும் என்று அங்கு வண்டி விடுபவர்களிடமே விசாரியுங்கள்.

வருடத்தில் நீங்கள் உண்மையில் எந்த ரோட்டில் அதிகம் ஓட்டுகிறீர்களோ, அந்த ரோட்டுக்கு பைக் வாங்குங்கள். வாழ்நாளில் ஒருமுறை போகும் லடாக்குக்கு வாடகை பைக்கும் கிடைக்கும்.