மாத்திரை அட்டையில் ஓர் எச்சரிக்கை

சில மாத்திரை அட்டைகளின் பின்புறம் 'ஷெட்யூல் எச்1' என்று அச்சிட்டிருப்பதைக் கவனித்ததுண்டா?

1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில், மத்திய அரசு 2013இல் சேர்த்த அட்டவணை இது. காசநோய் மருந்துகளும் வீரியமிக்க ஆன்டிபயாடிக்குகள் பலவும் இதில் அடங்கும். மருத்துவர் சீட்டின்றி இவற்றை விற்கக் கூடாது. விற்கும்போது மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகிய விவரங்களைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் அதைச் சோதிப்பார்.

ஏன் இத்தனை கட்டுப்பாடு? மருந்தை அரைகுறையாக உண்டால் வலுவற்ற கிருமிகள் மடியும், தாக்குப்பிடித்தவை பெருகும். அவை யாரைத் தொற்றினாலும் அவருக்கும் அந்த மருந்து பலிக்காது. ஒருவர் செய்யும் தவறு ஊரையே பாதிக்கும். ஆகவே, எஞ்சிய மாத்திரையை அண்டை வீட்டாருக்குக் கொடுக்குமுன் சற்றே சிந்தியுங்கள்!