தூண்டில் ராடு பார்சலில் ஏன் உடைகிறது?

நாலு கிலோ கட்லாவோடு மல்லுக்கட்டி வில்லாக வளைந்தும் ஒன்றும் ஆகாத ராடு, பார்சலில் சும்மா படுத்துக்கொண்டு போகும்போது ஏன் ஒடிகிறது? விற்றவரைத் திட்டுவோம், கூரியர்காரரைத் திட்டுவோம். ஆனால் பி.இ. முதல் வருஷத்தில் படித்து மறந்துபோன மெக்கானிக்ஸைக் கொஞ்சம் தூசி தட்டினால் விஷயம் பிடிபட்டுவிடும்.

பெரும்பாணாற்றுப்படையில் வரும் தூண்டில் நீண்ட மூங்கில் கழியால் ஆனது. அந்தக் காலத்து ஆளுக்குப் பார்சல் பிரச்சினையே இல்லை. ஒடிந்தால் இன்னொரு கழி வெட்டிக்கொள்வான். நமக்கு அப்படி இல்லைங்க. பழனியைச் சுற்றி பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு என்று மூன்று அணைகள் இருக்கின்றன (எங்கே அனுமதி, யார் குத்தகை என்பது தனிக்கதை). ஆனால் கார்பன் ராடு மூங்கில் புதரில் முளைப்பதில்லை. எங்கிருந்தோ பார்சலில்தான் வர வேண்டும்.

மூன்று விதமான உடைப்பு

முதலாவது, வளைவு. மீன் இழுக்கும்போது மெல்லிய நுனி மீன் பக்கம் திரும்பிக்கொள்ள, பாரம் படிப்படியாகத் தடித்த அடிப்பகுதிக்கு இறங்கும். ராடு அதற்காகவே கூம்பாகச் செய்யப்பட்டது. பார்சலில் நடப்பது வேறு. இரண்டு முனையும் எதன் மேலாவது முட்டுக்கொடுத்திருக்க, நட்டநடுவில் ஒரு அரிசி மூட்டை விழுகிறது. மொத்த பாரமும் ஒரே இடத்தில்.

இரண்டாவது, நசுங்கல். ராடு உள்ளே வெற்றான குழாய். இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுகின்றன. பக்கவாட்டில் அழுத்தினால் அது நீள்வட்டமாகி, நீளவாக்கிலேயே கீறல் விடும்.

மூன்றாவதுதான் நான் அதிகம் பார்த்தது: நுனிக் குத்து. பார்சலைச் செங்குத்தாக இறக்கிப் போடும்போது உள்ளே ராடு வழுக்கிப்போய், நுனி வளையம் மூடியில் முட்டுகிறது. பின்னால் கைப்பிடியின் எடை முழுக்க வந்து தள்ளுகிறது. மெல்லிய கம்பியை நுனியிலிருந்து அழுத்தினால் அது பக்கவாட்டில் பிதுங்கும். எவ்வளவு பாரத்தில் பிதுங்கும் என்பதை 18-ம் நூற்றாண்டிலேயே ஆய்லர் கணக்குப் போட்டுவிட்டார். தாங்கும் சக்தி நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். நீளம் பாதியானால் நாலு மடங்கு தாங்கும். நாலு பீஸ் ராடு இரண்டு பீஸை விடப் பத்திரமாக வந்து சேர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கார்பன், ஃபைபர் கிளாஸ் வித்தியாசமும் உண்டு. கண்ணாடி இழை அறுந்துபோவதற்கு முன் கார்பனைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளும். அடி வாங்கிய கார்பனில் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே இழை விட்டிருக்கலாம். வாரம் கழித்து வீசும்போது "டப்" என்று போகும். பழி மீன் மேல் விழும்.

எப்படிக் கட்டுவது

போன வருஷம் அப்பாவின் ஏழடி, இரண்டு பீஸ் ராடை ராமநாதபுரத்தில் இருக்கும் தம்பிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அப்பா இப்போது இல்லை. அந்த மாடலும் கடைகளில் இல்லை. நுனி போனால் போனதுதான். அதற்காக யோசித்துச் செய்த முறை இது:

1. ரீலைக் கழற்றித் தனிப் பெட்டியில் போடுங்கள். அதே குழாய்க்குள் போட்டால் அது சுத்தியல்.

2. இரண்டு பீஸையும் சேர்த்து வைக்கும்போது, நுனி பீஸின் இரு முனையும் அடி பீஸைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. முட்டினால் தடித்த பாகம்தான் முட்ட வேண்டும். நீளம் ஒன்றாகவே இருந்தால், அடி பீஸோடு ஒரு மூங்கில் குச்சியை இரண்டு பக்கமும் இரண்டு செ.மீ. நீளும்படி சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

3. வளையங்கள் உரசாமல் நடுவே மெல்லிய ஸ்பாஞ்சு வைத்து, நாலைந்து இடத்தில் துணி நாடாவால் கட்டுங்கள். இறுக்க வேண்டாம்.

4. 75 மி.மீ. பி.வி.சி. பைப். நம்ம பக்கம் எந்தத் தோட்டத்து மோட்டார் ரூமிலும் ஒரு துண்டு கிடக்கும். ராடை விட எட்டு செ.மீ. நீளமாக வெட்டி, இரு முனையிலும் ஸ்பாஞ்சு அடையுங்கள். தெர்மோகோல் வேண்டாம், பொடிந்துபோய் இடம் விட்டுவிடும்.

5. மூடியை சொலூஷன் போட்டு ஒட்டவே கூடாது. வாங்குபவர் ஆக்சா பிளேடால் அறுப்பார், ராடும் சேர்ந்து அறுபடும். டேப் போதும்.

6. உருண்டை பைப் உருண்டோடும். இரு முனையிலும் சதுர அட்டை ஒன்று சொருகிவிட்டால் நிற்கும். காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். சத்தம் வந்தால் பிரித்து மறுபடி அடையுங்கள்.

நீளமும் காசும்

ஏழடி ராடு 213 செ.மீ. இரண்டு பீஸ் என்றால், இணைப்பில் உள்ளே போகும் பாகத்தையும் சேர்த்து ஒரு பீஸ் 110 செ.மீ. அளவில் வரும். பைப் சுமார் 120. கூரியர்களில் பெரும்பாலும் நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதையும் ஒரு எடையாக எடுத்துக்கொள்வார்கள். நிஜ எடையா இதுவா, எது அதிகமோ அதற்குக் காசு. 7.5 × 7.5 × 120-ஐ வகுத்தால் 1.35 கிலோ. பைப்போடு சேர்த்து நிஜ எடையும் ஏறத்தாழ ஒரு கிலோ வருவதால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் அந்தச் சதுர அட்டை 12 செ.மீ. ஆனால் கணக்கு ஏறத்தாழ 3.5 கிலோவுக்குத் தாவிவிடும். அட்டையை பைப்பை விட ஒரு விரல் அகலம் மட்டும் பெரிதாக வெட்டினால் போதும்.

வெளிநாட்டுக்கு அனுப்பினால் இன்னொரு சிக்கல். சில நாடுகளின் தபால் துறை 1.05 மீட்டருக்கு மேல் நீளமான பார்சலை ஏற்பதில்லை. நம்ம இரண்டு பீஸ் ராடு அங்கே சில செ.மீ.யில் தோற்றுவிடும். அதனால் பைப்பை வெட்டும் முன்பே கவுண்டரில் நீள வரம்பைக் கேட்டுவிடுங்கள். ஒரே பீஸ் ராடு என்றால் லாரி பார்சல்தான் வழி.

வாங்குபவருக்கு ஒரு வார்த்தை: டேப்பைக் கிழிக்கும் முன்பே வீடியோ ஆன் செய்யுங்கள். உடைந்திருந்தால் பேச அது ஒன்றுதான் சாட்சி. பிறகு ராடை வெளிச்சத்தில் மெல்ல உருட்டி, நுனியிலிருந்து அடிவரை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் எங்கே தட்டுகிறதோ அங்கே கீறல். தம்பிக்கும் போனில் இதைத்தான் சொன்னேன். நகம் எங்கேயும் தட்டவில்லை என்றான்.